இன்ஜினை அணைத்து இறங்கிய காலைகள்

ஜனவரி 17, வெள்ளி

ஸ்பீடோ மீட்டரின் முள் பூச்சியத்தில் நிற்பதில்லை. இருபதில் நிற்கிறது. நான் வேலை செய்யும் குஷன் கடைக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ், இரண்டு டயரிலும் காற்றில்லாமல், கண்ணாடியில் ஒட்டடையோடு நின்றபோதும் அது இருபதில் போய்க்கொண்டுதான் இருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். அதன் நீல நிறத்தையோ, முன்பக்கம் மீன் மூக்கு மாதிரிக் கூராக வரும் பிளாஸ்டிக் மூடியையோ இல்லை.

இன்று அது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நிற்கிறது. என்னுடையது என்று எழுதிப் பார்க்கிறேன். என்னுடையது.

ஜப்பான் பைக். நூற்றைம்பது சிசி. அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஓட்டியவர் கொரியாவுக்குப் போய்விட்டாராம். அவருடைய அப்பா அதை விற்க நினைத்து, கிழிந்த இருக்கையைத் தைக்க எங்கள் குஷன் கடையில் கொண்டுவந்து விட்டார். நான்தான் தைத்தேன். கறுப்பு ரெக்சின், சிவப்பு நூல். தைத்து முடித்த அன்று கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏறி உட்கார்ந்தேன். ஹேண்டிலைப் பிடிக்க முன்னால் குனிய வேண்டியிருந்தது. குனிந்தால் முகம் யாருக்கும் தெரியாது. அப்போதே முடிவு செய்துவிட்டேன் போலிருக்கிறது.

அதே மாதம் எனக்குச் சீட்டு விழுந்தது. அந்தக் காசில் தோடு வாங்குவேன் என்று அம்மா காத்திருந்தாள்.

"தோடு எங்கடி?"

எனக்குப் பதிலாக அண்ணன் திலக்ஷன் சொன்னான்: "வெளிய நிக்குது, போய்ப் பாரு. காதுல மாட்டுறதுதான் கொஞ்சம் கஷ்டம்."

அம்மா வாசலில் நின்று அதை நெடுநேரம் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று பகலில் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன்.

சைலன்சர் பழையதில்லை, கொரியாவுக்குப் போனவர் மாற்றிப் போட்டது. அது பேசுகிற மாதிரி இல்லை, கத்துகிறது. லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒவ்வொரு கதவிலும் ஒரு முகம். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "கிருஷாந்தி அக்கா, ஒரு ரவுண்டு! ஒரு ரவுண்டு!" கோழிகள்கூடத் திரும்பிப் பார்த்தது மாதிரி இருந்தது.

அணைத்துவிட்டேன்.

உள்ளே போய் அலுமாரிக் கதவைத் திறந்து, எதையோ தேடுகிற மாதிரி நின்றேன். எதைத் தேடினேன்? ஒன்றுமில்லை. லைசன்ஸ் எடுத்ததே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஸ்கூட்டியில்தான். அது தையல் மிஷினை விடச் சத்தம் குறைவு.

ஜனவரி 20, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்!

எங்கள் தோட்டத்திலிருந்து கடை இருக்கும் வத்தேகம வரை முழுக்க இறக்கம். இந்தப் பக்கம் எல்லோருமே இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில்தான் இறங்குவார்கள். ஆட்டோக்காரர்கள், ரொட்டி கொண்டுவரும் பாண்காரர், அண்ணன், எல்லோரும். பெற்றோல் மிச்சம். அப்படியென்றால் நானும் இறங்கலாம். சாவியே போட வேண்டாம்.

விடிய முன்னால், லயத்துப் படியிலிருந்து காலால் ஒரு தள்ளு. அவ்வளவுதான்.

எப்படி எழுதுவது? பனி முகத்தில் வந்து மோதுகிறது, ஆனால் சத்தமே இல்லை. சங்கிலி மட்டும் கீழே டிக் டிக் டிக் என்று மெதுவாக. தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் பின்னால் போகின்றன, நான் போகவில்லை, அவைதான் போகின்றன. வளைவில் உடம்பைச் சாய்த்தால் பைக்கும் சாய்கிறது, சொல்லாமலே புரிந்துகொள்கிறது. ஒரு நரியோ நாயோ பாதையின் நடுவில் நின்றது, நான் பக்கத்தில் போகும்வரை அதற்குத் தெரியவேயில்லை. தண்ணீருக்குள்ளே போகிற மாதிரி இருந்தது. நான் தண்ணீருக்குள் போனதே இல்லை. ஆனாலும் அப்படித்தான் இருக்கும்.

கீழே சமதரை வந்ததும் நின்றுவிடும். அங்கிருந்து கடை வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். அது பரவாயில்லை.

மாலையில் அண்ணன் தான் வேலை செய்யும் டயர் கடையிலிருந்து வந்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேலே ஓட்டுகிறான். அப்போது சத்தம் அவனுடையது. என்னுடையது இல்லை.

ஜனவரி 23, வியாழன்

இறங்கினேன். பனி.

ஜனவரி 25, சனி

கடை முதலாளி ஸமீம் நானா இன்று சிரித்தார். "புள்ள, இந்த மாதிரி பைக் வெச்சிக்கிற ஆக்கள் ஊரக் கலக்குவாங்க. நீ என்னடான்னா சீத்தைத்துணி விக்கிற தள்ளுவண்டில் மாதிரி தள்ளிக்கிட்டு வார. என்னத்துக்கு இது ஒனக்கு?"

நான் ஊசியில் நூல் கோர்ப்பதில் கவனமாக இருந்தேன்.

"பேசாத. பேசினா வரி கட்டணும்ல" என்றார்.

அவர் நல்லவர். பேசச் சொல்லி வற்புறுத்துவதில்லை, கேலி மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் அப்படி இல்லை. பத்தாம் ஆண்டில் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு எல்லா எழுத்தும் தெரிந்தது, வாயும் அசைந்தது. குரல் மட்டும் வரவில்லை. முதலில் பின் வரிசை வாங்கில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும். அடுத்த நாளும் வாசிக்கச் சொன்னார்கள். அதற்கடுத்த நாள் நான் போகவில்லை. பிறகும் போகவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

தைக்கும்போது பாதைகளை நினைத்துக்கொள்கிறேன். ஆட்டோ இருக்கையின் நீளத் தையல் என்றால் திகனப் பக்கம் போகிற நேர் ரோடு. வெயில், இரண்டு பக்கமும் மாமரங்கள், தூரத்தில் நீர்த்தேக்கம் தகடு மாதிரி மினுங்கும். மூலைத் தையல் என்றால் கலகெதரப் பக்கம். அங்கே வளைவு வளைவாக இறங்கும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். ஒரு முழு ஆட்டோவுக்குத் தைத்து முடிக்கும்போது நான் கண்டி வாவியைச் சுற்றி வந்து, தலதா வீதியில் நெரிசலில் நின்று, மறுபடி கடைக்கு வந்துவிடுவேன்.

நினைப்பில் அந்தப் பாதைகள் எல்லாமே இறக்கம்தான். ஏற்றமே கிடையாது. ஒருநாளும் யாரும் மேலே ஏற வேண்டியதில்லை.

பிப்ரவரி 1, சனி

இன்று தாமதமாக இறங்கினேன். அதனால் ஆட்டோ ஸ்டாண்டில் ஆள்கள் இருந்தார்கள்.

"ஏய் தங்கச்சி, இன்ஜின் எங்க? அடகுலயா?"

"இல்ல மச்சான், அது சைக்கிள்தான். பெடல் களண்டு விழுந்திருச்சி."

"ஹோர்ன் அடி பாப்பம்! ஹோர்ன்!"

எல்லாம் கேட்டது. சத்தமில்லாமல் வந்தால் ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. கழுத்தில் வேர்த்துவிட்டது. தள்ளிக்கொண்டு போகும்போது ஸ்டாண்ட் முழுவதும் என் முதுகில் ஏறிக்கொண்டு வந்த மாதிரி கனம்.

திங்களிலிருந்து இன்னும் நேரத்தோடு இறங்க வேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அண்ணன் பைக்கை எடுத்து, பெற்றோல் ஊற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டு வந்தான். என்னைக் கேட்கவில்லை. நான் கேட்டால், "நீ உருட்டுறவ, நான் ஓட்டுறவன். யாரு பைக்குன்னு நீயே சொல்லு" என்கிறான்.

அம்மா சோறு போட்டுக்கொண்டே, "அவ சொல்ல மாட்டா" என்றாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுத்து சரியாக வரவில்லை.

காலையில் நல்ல பனி. பத்தடிக்கு அப்பால் வெள்ளை. வழக்கம்போலத்தான் இறங்கினேன், சாவி பையில். பெரிய மரத்து வளைவைச் சுற்றினதும் — பாதை நிறைய ஆள். கொழுந்தெடுக்கிற ஆள்கள் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறார்கள். முதுகுகள். கூடைகள். யாருக்குமே தெரியாது நான் வருவது. எப்படித் தெரியும்? ஹோர்னை அமத்தினேன். அமத்தினேன், அமத்தினேன் — சாவி போடாத ஹோர்ன். லைட்டும் இல்லை. பிரேக் பிடித்தேன், ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போனது.

கத்த வேண்டும். கத்து, கத்துடி. வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அதே மாதிரி. பள்ளிக்கூடத்தில் வந்த அதே மாதிரி.

நடுவில் போனது அம்மா. அந்தக் கருநீலச் சால்வை. நான் கண்ணால் பார்த்தேன்.

ஹேண்டிலை இடதுபக்கம் இழுத்தேன். அம்மாவோடு கொழுந்தெடுக்கும் வீரம்மா அக்காவின் கூடையில் பட்டு, அவர் விழுந்தார், நான் பைக்கோடு பாதையோரத் தண்ணிக் கானுக்குள்.

பிறகு ஒரே சத்தம், எல்லோரும் ஒரே நேரத்தில். வீரம்மா அக்கா பாதையில் உட்கார்ந்துகொண்டு கையைப் பிடித்தபடி, "அடியே, பேய் கூட கொலுசு சத்தத்தோட வரும்டி! நீ என்னடி இப்புடி வர்ற? பூனையா நீ?" என்று கத்தினார். அம்மா என்னைத் தூக்கினாள். முழங்காலில் இரத்தம். அம்மா அதைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"

அவ்வளவுதான் கேட்டாள். அம்மா, நான் கத்தினேன், வரல.

அதைக்கூட இங்கேதான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 8, சனி

வீரம்மா அக்காவுக்கு எலும்பு உடையவில்லை. முழங்கை பிசகல். கழுத்திலிருந்து துணியில் கையைத் தொங்கவிட்டிருக்கிறார். பார்க்கப் போனேன். பிஸ்கட் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டு நின்றேன். "உள்ளுக்கு வா, கடிக்க மாட்டேன்" என்றார்.

இரவு வீட்டில் பேச்சு. அண்ணன்: "திகன பஹீம் இந்த பைக்க வெலைக்கி ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கான். போயா அன்னைக்கி வந்து எடுத்துக்கன்னு சொல்லிட்டேன். பைக்க ஸமீம் நானா கடையில போட்டிருக்கேன்."

சொல்லிவிட்டானாம். என்னைக் கேட்கவில்லை.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "அது அவ சீட்டுக் காசு. அவகிட்ட கேக்காம எப்புடி நீ குடுப்ப?" எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் அம்மா முடிக்கவில்லை. "கிருஷாந்தி, நீயும் கேட்டுக்க. இனிமே உருட்டுறது கெடையாது. வெளிச்சத்துல, நீயே ஸ்டார்ட் பண்ணி, கடையில இருந்து லயம் வரைக்கும் ஏத்தத்துல ஓட்டிட்டு வா. ஒரே ஒரு தடவ. வந்தா அது உன்னோடது, யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. போயாவுக்கு முந்தி வரலைன்னா பஹீம் எடுத்துட்டுப் போகட்டும். ஓட்டாத வண்டி வாசல்ல நிக்கக் கூடாது."

புதன்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை.

பிப்ரவரி 9, ஞாயிறு

முன்பக்கத்து மூடி இடதுபுறம் நீளமாகப் பிளந்திருக்கிறது. ஞாயிறு என்றாலும் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். தடித்த ஊசியை மெழுகுதிரியில் சுட்டு, பிளவின் இரண்டு பக்கமும் துளை போட்டு, தூண்டில் நூலால் தைத்தேன். பிளாஸ்டிக் உருகும் வாசம். உள்ளே ஒரு துண்டு ரெக்சின் ஒட்டினேன். வெளியே தையல் மீன் முள் மாதிரித் தெரிகிறது.

எதற்குத் தைக்கிறேன்? பஹீமுக்கா?

சாவியைப் போட்டேன். பச்சை லைட் எரிந்தது. ஸ்டார்ட் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு, தகரக் கூரையில் மழைத்துளி விழுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பட்டனை அமத்தவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

மாலையில் ஓட்டலாம் என்று நினைத்தேன். ஸ்டாண்டில் ஆள் நிறைய. பஸ்ஸில் வந்தேன்.

அம்மா மீன் குழம்பில் எனக்குத் தலையை வைத்தாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எங்கிருந்து தொடங்குவது.

பஹீம் ஒருநாள் முந்தியே வந்துவிட்டார். மத்தியானம், நான் மிஷினில் இருந்தேன். மோசமான ஆள் இல்லை, மெல்லிய ஆள், வெள்ளைத் தொப்பி, சிரித்த முகம். "ஸலாம் நானா. அந்தப் பைக்க ஒருக்காப் பாத்துட்டுப் போலாம்னு வந்தன்." தையல் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்து, "ஆரு இத தெச்சது? வடிவா இரிக்கே" என்றார். ஸமீம் நானா என் பக்கம் தாடையை ஆட்டினார்.

பஹீம் சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணினார். முறுக்கினார். கடை முழுக்க அதிர்ந்தது, தட்டில் கத்தரிக்கோல் துள்ளியது. "சத்தம் அருமை நானா! இந்தச் சத்தத்துக்கே எடுக்கலாம்."

அவர் கையில் அது கத்துகிறது. நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாளையிலிருந்து திகனையில் கேட்கும். எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. மிஷினை மிதிப்பதை நிறுத்தினேன். எழுந்தேன். ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பைக்கிற்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

பஹீம் என்னைப் பார்த்தார், ஹெல்மெட்டைப் பார்த்தார், சந்தோஷமாக இறங்கினார். "ஆ, நல்லது தங்கச்சி. நீங்களே ஓடிக் காட்டுங்க. ஓடுறப்ப பொக அடிக்குதான்னு பாக்கணும்."

இது விற்பனைக்கில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஏறினேன். கிளச்சை விட்டேன், ஒரு உதறு உதறிவிட்டுக் கிளம்பியது. பின்னால் ஸமீம் நானா, "புள்ள! மெதுவா!" என்றது கொஞ்சம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

ஸ்டாண்டைத்தான் எழுத வேண்டும். ஐந்தாறு பேர் இருந்தார்கள். நான் வருவதற்கு முன்னாலேயே எல்லோரும் திரும்பிவிட்டார்கள். அவர்கள் வாய் திறந்தது. ஒருவர் கையை வாயில் குவித்துக்கொண்டு எதையோ கத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை! ஒரு சொல்கூட. கண்ணாடித் தொட்டிக்குள் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடுமே, அப்படி. நான் அவர்களைக் கடந்து போனேன், அவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள், என்னைச் சுற்றி இன்ஜினின் சத்தம் மட்டும். ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற மாதிரி. இத்தனை நாளாக இது எனக்குத் தெரியவில்லை. சத்தம் வெளியே எல்லோருக்கும் என்றுதான் நினைத்தேன். உள்ளே இவ்வளவு அமைதி என்று யாரும் சொல்லவில்லை.

கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. மூன்றாம் கியரில் ஏறப் பார்த்தேன், என் பிழை. பின்னால் ஒரு லொறி. ஹோர்ன் அடித்தான். நானும் அடித்தேன்! எதற்கு அடித்தேன் என்று தெரியாது. முதல் கியர், ஸ்டார்ட், முறுக்கினேன், ஏறியது.

பெரிய மரத்து வளைவுக்கு மேலே, கொழுந்தை எடை போட்டுவிட்டு ஆள்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்கும்போதே பாதை வெறுமையாக இருந்தது. எல்லோரும் ஓரமாக ஏறி நின்றிருந்தார்கள். எனக்காக இல்லை, சத்தத்துக்காக. லேசான வேலைக்கு மாற்றியிருந்த வீரம்மா அக்கா தொங்கவிடாத கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். சிரித்தாரா திட்டினாரா, கேட்கவில்லை.

அம்மா லயத்துத் தண்ணீர்ப் பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி அணைத்தேன். காதுக்குள் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது.

"கீழ வரும்போதே கேட்டிச்சி" என்றாள் அம்மா. "மொதல்ல திலக்ஷன்னு நெனச்சேன். அவன் கியர் மாத்துற மாதிரி இல்ல, இழுத்து இழுத்து வந்திச்சி. நடுவுல நின்னிச்சி. நானும் பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன். பொறகு திரும்பக் கேட்டிச்சி." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பஹீமுக்கு என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலம்மா. அந்தாளு நிக்கிறாரு இன்னும்."

அம்மா சிரித்ததை நான் ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தேன். குனிந்து, பீலியைப் பிடித்துக்கொண்டு.

பிப்ரவரி 12, புதன், போயா

பஹீம் இரண்டு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனாராம். "அந்தத் தங்கச்சி பெற்றோல் முடிஞ்சி எங்கயாச்சும் நிக்கிதோ தெரியா" என்று பாவப்பட்டாராம். ஸமீம் நானா போனில் சொல்லிச் சிரித்தார். நான் பஹீமின் நம்பரை வாங்கி, மன்னிக்கச் சொல்லி மெசேஜ் எழுதினேன். "பரவால்ல. மூடிய தெச்ச மாதிரி என்ட பைக் சீட்டையும் தெச்சித் தாங்க" என்று பதில் வந்தது.

அண்ணன் மாலையில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய்ச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டான்.

"கொண்ட ஊசியில செக்கன்ட்லகூட ஏறாத. பர்ஸ்ட்ல ஏறு," என்றான் சங்கிலியைப் பார்த்து.

"ம்."

"என்ன?"

"பர்ஸ்ட்ல" என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பனி. அண்ணன் இன்னும் எழும்பவில்லை. நான் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா ஏற்கெனவே படியில் நின்றாள். கூடை முதுகில் இல்லை, கையில் பிடித்திருந்தாள். தலைத்துணி கட்டி, கருநீலச் சால்வை போர்த்தி.

"நடந்து போக முழங்கால் வலிக்கிது" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "பெரட்டுல விட்டுட்டுப் போறியா?"

அங்கே எல்லோரும் நிற்பார்கள். கங்காணி, வீரம்மா அக்கா, மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற எல்லா ஆளும். அம்மாவுக்கும் அது தெரியும்.

அண்ணனின் ஹெல்மெட்டை எடுத்து வந்து, தலைத்துணிக்கு மேலேயே போட்டு, தாடைப் பட்டியை மாட்டிவிட்டேன். பின்பக்கத்து இருக்கை உயரம். ஒரு கல்லின் மேல் ஏறி, என் தோளைப் பிடித்து, பக்கவாட்டாக உட்கார்ந்தாள். கூடை எங்கள் இருவருக்கும் நடுவில் கிறீச்சிட்டது.

"நல்லாப் புடிச்சிக்கம்மா" என்றேன்.

சாவியைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணினேன்.